யூஜின் வாசித்துக் காட்டிய கடிதங்கள்

சேசு மரி சூசை துணை

விளக்குத் தீவு, சைகோன் பக்கம்
1934 பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா அகஸ்டினாவுக்கு,

ஜோசஃபின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் இவரும் நல்ல சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? வேப்பெண்ணெய் தடவச் சொன்னால் நாற்றம் என்று முகம் சுளிப்பாய், தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது தடவு.

இவரைத் துறைமுகத்திலிருந்து இந்தத் தீவின் கலங்கரை விளக்குக்கு மாற்றியதில் நான் ராணி ஆகிவிட்டேன். என் ராஜ்யத்தில் ஒரு விளக்கு, கொஞ்சம் ஆடு, தமிழ் தெரியாத, இந்த நாட்டு அனாமித்துக் காவல்காரர் ஒருவரின் குடும்பம், நாலு பக்கமும் தண்ணீர். கோவில் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருதரம் சாமான் படகு வரும். அன்றைக்குத்தான் எங்களுக்குத் திருநாள்.

பள்ளிக்கூடம் இல்லாததால்தான் ஜிஸ்லேனை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். வேறெதற்கும் விட்டிருக்க மாட்டேன். போன படகில் அவள் கடிதம் வந்தது. சுகமா என்று ஒரு வரி, மற்றதெல்லாம் கேள்வி. பகலில் விளக்கு தூங்குமா, மீன்கள் அதை நிலா என்று நினைத்துக்கொள்ளுமா என்று பத்து வயதுப் பிள்ளை எங்களை வாட்டி எடுத்துவிட்டாள். நானும் இவரும் அடுத்த படகு வரும்வரை உட்கார்ந்து பதில் யோசித்தோம். அக்கா, அந்தப் பதினைந்து நாளும் அவள் எங்கள் கூடவே இருந்தாள்.

அவளை எழுதச் சொல்லிக்கொண்டே இரு. கோணல் எழுத்தானாலும் போதும்.

உன் தங்கை,
ஜோசஃபின்


புதுச்சேரி
1934 மார்ச் 11

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஜிஸ்லேன் முத்தம் கொடுத்து எழுதுவது. நான் சுகம். பெரியம்மா சுகம். பூனை சுகமில்லை, பல்லி தின்றது.

நேற்று கிணற்றில் நிலா தெரிந்தது. அதே நிலா உங்களுக்கும் தெரிந்ததா? அப்போது அங்கே மணி என்ன? எல்லா ஊருக்கும் மணி ஏன் ஒன்றாக இல்லை? முதலில் மணி பார்த்த மனிதன் யாரைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரி செய்தான்?

நம் கடற்கரை விளக்குக்குக் கீழே நின்று மேலே இருந்தவரைக் கூப்பிட்டேன். "எங்க அப்பா வெளக்கு இங்கேந்து தெரியுமா?" என்றேன். "கடலு வளைஞ்சிருக்குது பாப்பா, தெரியாது" என்றார். கடல் வளைந்திருந்தால் தண்ணீர் ஏன் ஒரு பக்கமாக ஓடிவிடவில்லை? பள்ளிக்கூடத்து மத்மசெலைக் கேட்டேன். அது பாடத்தில் இல்லை என்றார்கள். அப்பாவைக் கேட்டுச் சொல் அம்மா. சீக்கிரம் சொல்.

உங்கள் மகள்,
ஜிஸ்லேன்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 மே 20

அன்புத் தங்கை ஜோசஃபினுக்கு அக்கா ஆசீர்வாதம் கூறி எழுதுவது.

இவ்விடம் க்ஷேமம். வெயில்தான் ஆளை வறுக்கிறது. வில்லியனூர் மாதா தேருக்குப் போய் உங்கள் மூவர் பேரிலும் மெழுகுவர்த்தி வைத்தேன். எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன், வழியில் உடைந்தால் என்னைத் திட்டாதே.

நல்ல செய்தி. ஜிஸ்லேனைச் செர்த்திஃபிகா பரீட்சை வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பிலேயே சின்னவள் இவள்தான். மத்மசெல் என்னைக் கூப்பிட்டு ஒரு குறை மட்டும் சொன்னாள். "கையத் தூக்கிக்கிட்டே இருக்குது மதாம். ஒரு பாடம் முடிக்க வுடாது. கேள்வி கேக்கறது பரீட்சைக்காரங்க வேலை, பதில் சொல்றதுதான் இதோட வேலை" என்றாள். நானும் பிள்ளையை உட்கார வைத்துப் புத்தி சொன்னேன். புரிந்துகொண்டாள், தங்கமான பிள்ளை.

இன்னொன்று. இனி அவள் உனக்குப் பிரெஞ்சில்தான் எழுதுவாள். தூரத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுது என்று பரீட்சையில் அடிக்கடி கேட்பார்களாம். அதனால் உனக்கு எழுதுவதும் பழக்கம், பரீட்சைக்கும் பழக்கம். மத்மசெல் திருத்தி, நல்ல பிரதி எடுக்க வைத்துத் தபாலில் போடுவாள். உனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராவிட்டால் என்ன, உன் வீட்டுக்காரர் யூஜின் தம்பி வாசித்துக் காட்டட்டும். உன் மகள் துரைசானி போல எழுதுவதைக் கேட்டுப் பெருமைப்படு.

அக்கா,
அகஸ்டினா


சேசு மரி சூசை துணை

விளக்குத் தீவு
1934 ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். ஊறுகாய் ஜாடி உடையவில்லை, மூடிதான் கழன்றது. இவருடைய கம்பளிச் சட்டை இப்போது எலுமிச்சை மணக்கிறது. உன் முட்டிவலி எப்படி? வெயிலில் கோவிலுக்கு நடக்காதே.

உண்மையைச் சொல்கிறேன், பிரெஞ்சில் எழுதுவாள் என்று நீ எழுதியதும், என் பிள்ளையின் கடிதத்தை நானே வாசிக்க முடியாமல் போயிற்றே என்று அழுதேன். படகு வந்த அன்று விளக்கேற்றப் போகுமுன் இவர் பிரித்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா, கஷ்டமான பிரெஞ்சா?" என்றேன். "இல்ல, அழகா எழுதியிருக்கா" என்று தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார்.

அக்கா, என் பயமெல்லாம் பறந்துபோயிற்று. அவள் மாறவே இல்லை! விளக்கைத் தேடி வரும் பறவைகள் கண்ணாடியில் மோதுமா, மோதினால் அவற்றை யார் எடுப்பது என்று கேட்கிறாள். புயலில் விளக்குக்குப் பயம் வருமா என்கிறாள். அவளிடம் இதை வாசித்துக் காட்டு: ஆமாம் கண்ணே, பறவைகள் மோதும். அப்பா காலையில் கூடையோடு மேல் வராந்தாவுக்குப் போவார். மயங்கிக் கிடப்பவற்றுக்கு நான் தண்ணீர் காட்டுவேன். சிலது பறந்துவிடும். நல்ல கேள்வி கேட்டாய், என் கண்ணே. புயலைப் பற்றி அடுத்த படகில் எழுதுகிறேன்.

நான் இப்போது ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 ஆகஸ்ட் 26

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். நீ எழுதியதை ஜிஸ்லேனிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாதமும் வகுப்பில் அவள்தான் முதல். மத்மசெல் வரிசைப்படிதான் பெஞ்சில் உட்கார வைப்பாள். முதல் பெஞ்சின் ஓரம் நம் பிள்ளைக்கு எழுதி வைத்தது போல ஆகிவிட்டது. பிரான்சு தேசத்து ஆறுகளை எல்லாம் கிளைகளோடு ஒப்பிக்கிறாள். கடற்கரைக்கு அழைத்தாலும் வருவதில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள், முட்டை கொடுத்து வருகிறேன். நகம் கடிக்கிற பழக்கம் வந்திருக்கிறது. அதையும் நிறுத்திவிடுவேன்.

அவள் பொறுப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போன வாரம் கனகசெட்டிக்குளத்துக் கடலோரத்தில் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போயிற்று. சாரம் ஊரிலிருந்து நம் சிநேகிதி செல்வாம்பாளும் வண்டியோடு வந்து, "வா பொண்ணு, வூடு மாதிரி மீனு கெடக்குதாம்" என்று கூப்பிட்டாள். ஜிஸ்லேன் என்னைப் பார்த்து, "பெரியம்மா, இது செர்த்திஃபிகாவுல வருமா?" என்றாள். எனக்குத் தெரியலம்மா என்றேன். "அப்ப நா வரல" என்று புத்தகத்தைத் திறந்துகொண்டாள். செல்வாம்பாள் அசந்து போனாள். இப்படிப் பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

அக்கா,
அகஸ்டினா


சேசு மரி சூசை துணை

விளக்குத் தீவு
1934 அக்டோபர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுதவேண்டும். எழுதிவிட்டேன்.

திமிங்கிலத்தைப் பற்றி நீ எழுதியதை இவரிடம் வாசித்துக் காட்டி, "இது நம்ம பொண்ணா?" என்றேன். இவர் எழுந்து படியேறிப் போய்விட்டார். விளக்கேற்ற இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

எனக்குப் புரியவில்லை அக்கா. அதே படகில் அவளுடைய கடிதமும் வந்தது. திமிங்கிலத்துக்குக் காது எங்கே இருக்கிறது, அதற்கு நம் விளக்கு கண்ணைக் கூசுமா என்று அதில் கேட்டிருக்கிறாள். இறங்கி வந்து இவர் அதை வாசிக்கும்போது நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். இப்படிக் கேட்கிறவள் வண்டி போகும் தூரத்தில் திமிங்கிலம் கிடக்கும்போது போகாமல் இருப்பாளா? கட்டிப் போட்டாலும் அவிழ்த்துக்கொண்டு ஓடியிருப்பாளே.

அங்கே உன்னிடம் ஒரு பிள்ளை, இங்கே கடிதத்தில் ஒரு பிள்ளை. எது என்னுடையது? ஒளிக்காமல் எழுது. அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா? என்னிடம் மறைக்கிறாயா?

பரீட்சை முடிந்ததும் அவளைக் கப்பல் ஏற்றி அனுப்பு. தெரிந்த குடும்பம் யாராவது சைகோனுக்கு வருவார்கள். அவளைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை.

ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 டிசம்பர் 30

அன்புத் தங்கைக்கு,

பாலன் பிறந்த திருநாள் வாழ்த்துகள். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபிக்காதே. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மாதா மேல் ஆணை. ஆனால் நீ கேட்டதால் சொல்கிறேன். ஜிஸ்லேன் உன்னிடம் எதையுமே கேட்கவில்லை. முதல்தரம் உன் பதிலை வாசித்தபோதே, "நா அப்பிடி ஒண்ணும் கேக்கலியே பெரியம்மா" என்றாள். எழுதிவிட்டு மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் அதையே சொன்னாள். அப்புறம் அதையும் சொல்வதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

தனியாகத் தீவில் கிடந்து உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று நான் பயந்தேன். அதனால் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூர் என்கிற வணக்கத்தோடு முடிகிறது. கடிதத்தில் என்ன இருக்கிறதென்று நான் அறியேன். யூஜின் தம்பியைக் கேள்.

அக்கா,
அகஸ்டினா


சேசு மரி சூசை துணை

விளக்குத் தீவு
1935 பிப்ரவரி 3

அக்கா,

சுகமா? எனக்குப் பைத்தியம் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதம் வந்ததும் ஜிஸ்லேனின் பிரெஞ்சுக் கடிதங்களை எல்லாம் மேசைமேல் பரப்பினேன். எனக்கு வாசிக்கத்தான் தெரியாது, கேள்விக்குறி தெரியும். அந்தக் கொக்கியைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அச்சடித்தது போல எழுத்து, ஓர் அடித்தல் இல்லை, ஒரு கேள்வி இல்லை. இவர் முன்னால் வைத்தேன். "உள்ளதைப் படிங்க" என்றேன்.

படித்தார். என் அருமை அம்மா, தோட்டத்தில் பனி வெள்ளைப் போர்வை விரித்திருக்கிறது. தாத்தா கணப்பருகே உட்கார்ந்து குழாய் புகைக்கிறார். நீ அனுப்பிய கம்பளிக் கையுறைக்கு நன்றி. உன் அன்பு மகள் என்றும் கீழ்ப்படிந்து நடப்பாள். புதுச்சேரியில் பனி அக்கா! நம் அப்பா சுருட்டைக்கூடத் தொட்டதில்லை. சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. எல்லாக் கடிதமும் இப்படித்தான். மத்மசெல் கொடுத்த மாதிரியைப் பிள்ளை நகல் எடுத்திருக்கிறாள்.

"மொத கடுதாசியப் பிரிச்சேன், பனி பெய்யுதுன்னு இருந்துச்சி. நீ எதுர்ல கன்னத்துல கைய வெச்சிக்கிட்டு உக்காந்திருந்த. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அத எப்பிடிப் படிக்கிறது?" என்றார்.

"அப்ப அந்தக் கேள்வியெல்லாம்?"

"மேல தனியாத்தான உக்காந்திருக்கேன். அவ இங்க இருந்தா என்னா கேப்பான்னு நெனச்சிக்கிட்டே இருப்பேன். அதச் சொன்னேன்."

அவரோடு நான் பேசவில்லை. அடுத்த படகு வரும்வரைக்கும் பேசவில்லை. படகில் அவளுடைய புதுக் கடிதம் வந்தது. அதை அவர் கையில் கொடுத்து என்ன சொன்னேன் தெரியுமா? "முன்ன படிச்ச மாதிரியே படிங்க" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். அவரால்தான் முடியவில்லை. காகிதத்தை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் காலைப் பிடிக்கிறேன் அக்கா. தமிழில் ஒரு வரி எழுதச் சொல். பரீட்சையில் எந்த இடம் வந்தாலும் வரட்டும். கடைசி பெஞ்சில் உட்காரட்டும். என் பிள்ளை என்னிடம் ஏதாவது கேட்கட்டும்.

ஜோசஃபின்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1935 ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு அக்கா ஆனந்தத்தோடு எழுதுவது.

ஊர் முழுக்க உன் மகள்தான் முதல்! பேர் வாசித்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முட்டிவலிகூட மறந்துபோயிற்று. தூரத்திலுள்ள தாய்க்குக் கடிதம் என்பதுதான் இந்த வருஷமும் வந்ததாம். பரிசளிப்பில் நம் பிள்ளை எழுதியதைச் சபையில் வாசித்தார்கள். வெள்ளைக்கார மதாம் ஒருத்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, நானும் அழுதேன்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. பரீட்சைக்கு முன் தமிழில் எழுதினால் கை மாறிவிடும் என்று மத்மசெல் தடுத்தாள். இப்போது அடுத்த பரீட்சைக்கு மேல் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். இன்னும் சில வருஷம் என்னிடமே இருக்கட்டும். கப்பலில் அனுப்பட்டுமா என்று அவளையே கேட்டேன். "அங்க போனா என் எடம் போயிடும் பெரியம்மா" என்றாள். நான் என்ன செய்ய? வீட்டில் அவள் புத்தகம் புரட்டும் சத்தம் ஒன்றுதான் எனக்குத் துணை. அதைச் சொன்னால் சிரிப்பாய்.

அவள் படத்தோடு பரிசுப் புத்தகமும் அனுப்புகிறேன்.

அக்கா,
அகஸ்டினா


புதுச்சேரி
1935 ஏப்ரல் 16

அம்மாவுக்கு,

நான் சுகம். பெரியம்மாவுக்குத் தெரியாமல் எழுதி செல்வாம்பாள் சித்தியிடம் தபாலுக்குக் கொடுக்கிறேன். தமிழ் எழுதி நாளாகிவிட்டது. தப்பு இருந்தால் மன்னிக்கவும். இதை யாரும் திருத்தவில்லை.

நான் முதலாவதாக வந்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உன் கடிதங்களைப் பெரியம்மா வாசிப்பார்கள். பறவைக்குத் தண்ணீர் காட்டியது எழுதியிருந்தாய். நல்ல கேள்வி கேட்டாய், என் கண்ணே என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை அம்மா. கேட்டால் மத்மசெல்லுக்குப் பிடிக்காது என்று நிறுத்திவிட்டேன். நான் தப்பில்லாமல் எழுதிய கடிதங்களைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அவற்றை நான் மூன்று நான்கு தரம் நகல் எடுத்தேன்.

கேள்வி கேட்கிற அந்தப் பெண் யார் அம்மா? அங்கே தீவில் உங்களோடு இருக்கிறாளா? உனக்கு அவளைத்தான் பிடிக்குமா?

ஜிஸ்லேன்


சேசு மரி சூசை துணை

விளக்குத் தீவு
1935 மே 12

என் கண்ணே ஜிஸ்லேனுக்கு அம்மா ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். உன் கடிதத்தை யாரும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. படகுத் துறையிலேயே நின்று நானே வாசித்தேன். கல்லில் உட்கார்ந்து இன்னொரு தரம் வாசித்தேன். அப்பா இறங்கி வந்தார். அவர் கையில் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு அழுதார். அப்பா அழுது நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் இங்கே இல்லை. எங்கேயும் இல்லை. உன்னைப் பிரிந்திருக்க முடியாமல் அப்பா அவளை உண்டாக்கினார். நான் அவளை நீ என்றே நம்பினேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அரை வருஷத்துக்கு மேல் அவளோடுதான் குடித்தனம் நடத்தினேன். நீ கை வலிக்க நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் அவள் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. நீ கேட்டதற்குக் காகிதத்தில் எழுத என்னால் முடியவில்லை. நாலு தாள் கிழித்துவிட்டேன். அதனால் நானே வருகிறேன். அப்பாவுக்கு மூன்று மாதத்துக்குச் சமைக்க அனாமித்துக்காரர் மனைவி ஒத்துக்கொண்டாள். அடுத்த படகில் சைகோன் போய், அங்கிருந்து கிடைக்கிற கப்பலில் ஏறுவேன்.

பெரியம்மாவிடம் இதைக் காட்டு. உன்னைப் பிடுங்கிக்கொண்டு போக வரவில்லை என்று சொல். அவளுக்கு உன்னை விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். நீ இங்கே வருவதா, அங்கேயே படிப்பதா என்பதில் உன் பேச்சும் இருக்கவேண்டும்.

கப்பலிலிருந்து இறங்கும் பாலத்துக்கு என்னை அழைக்க வருவாய் அல்லவா? வரும்போது எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வராதே. என்னைப் பார்த்ததும் பேச ஒன்றும் வராவிட்டால் பேசவேண்டாம் கண்ணே. எனக்கும் வராது. சும்மா பக்கத்தில் நில்.

உன் அம்மா,
ஜோசஃபின்